வலைப்பக்கம் இரும்பு ஆகாது

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. இந்த வயதிலும் வரவில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாராவது என்னைப் பார்த்து ஒன்று கேட்டால் பதில் தெரிந்திருக்கும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். இளவயதில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து எதையாவது சீவ ஆரம்பித்துவிடுவேன். கை வேலையாக இருப்பவனை யாரும் அதிகம் கேட்பதில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் வாங்கிய கத்தி அது. மாட்டுக்கொம்புப் பிடி, அலகு என் நடுவிரல் நீளம் இருக்கும். காலையில் வேப்பங்குச்சி சீவுவதற்கு அதுதான். கரும்பின் கணுக் கழிக்க, கன்றுக்குட்டியின் கழுத்தில் இறுகிய கயிற்றை அறுக்க, காலில் தைத்த முள்ளை நெம்பி எடுக்க, சாப்பிட்ட பிறகு பாக்கு நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கிணற்றடிக் கல்லில் தண்ணீர் விட்டு நானே தீட்டுவேன். ஒரு தடவை உழவில் தொலைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடினேன். அதன் பிறகு பிடியில் ஒரு துளை போட்டு, நூல்கயிறு கோத்து, அரைஞாண் கயிற்றோடு இறுக முடிந்துகொண்டேன். வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துச் சீவும் அளவுக்குக் கயிறு நீளம் உண்டு. கழற்ற வேண்டுமென்றால் வேட்டியைத் தளர்த்தி உள்ளே கைவிட்டு முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

இந்த முடிச்சை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கெங்கவல்லிப் பக்கம். பெண் எடுத்தது நாமக்கல் பக்கத்தில், கொல்லிமலை கிழக்கே சுவர் வைத்தது போலத் தெரியும் ஒரு ஊரில். மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். தலைப்பொங்கலுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். அங்கே நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். நான் வீடு என்றால் அவர்கள் ஊடு என்பார்கள். நான் "ஆமாம்" என்றால், "ஆமாங்கன்னு சொல்லோணுமுங்க" என்று சின்னப் பிள்ளை திருத்தும். நான் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு பனங்கிழங்கு கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், எனக்கு மச்சான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அவர் வருவதற்கு முன்னாலே அவர் குரல் வந்துவிடும். நான் கிழங்கு கீறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நம்ம மாப்ளைக்கு வாய் இடுப்புலதான் இருக்குது. கேக்கறதையெல்லாம் அங்க பாத்துக் கேளுங்கடா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவரிடம் எனக்குக் கூச்சம் கொஞ்சம் விட்டது அன்றைக்குத்தான்.

மாடுகளுக்கு வைக்கும் பட்டிப் பொங்கல் கழிந்த மறுநாள் அந்த ஊரில் முயல் வேட்டை. முதல் முயல் முனியப்பனுக்கு. மற்றவை வீட்டுக்குப் பங்கு. புது மாப்பிள்ளை போயே ஆக வேண்டும். விடிவதற்கு முன்னால் கிளம்பும்போது மனைவி வாசலில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, அண்ணனக் கொஞ்சம் பாத்துக்கங்க. முயலக் கண்டா அது தரையப் பாக்காது."

நான் எங்கே, அவர் எங்கே. நான் அவரைப் பார்த்துக்கொள்வதா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் முனியப்பன். வலைகளைச் சுருட்டி அங்கே வைத்திருந்தார்கள். புளிச்சநாரில் முறுக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கருஞ்சிவப்பாக இருக்கும் வலைகள். அவற்றுக்குப் பொறுப்பு என் மனைவியின் பெரியப்பா. நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். ஆனால் அவர் பேசாமலிருப்பதும் நான் பேசாமலிருப்பதும் வேறு வேறு. அவர் பேசாவிட்டால் மற்றவர்களும் பேச மாட்டார்கள்.

அவர் கற்பூரம் காட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "வலைப்பக்கம் இரும்பு ஆகாது. அவுங்கவுங்க எடுத்து வெச்சுருங்க."

ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் கத்தியை, கொடுவாளை, சிறுவர்கள் வைத்திருந்த ஆணியைக்கூட முனியப்பன் காலடியில் போட்டார்கள். நூல் அறுப்பதென்றாலும் வலைக்குக் கத்தி காட்ட மாட்டார்களாம். வேட்டை முடிந்து திரும்பி வந்துதான் இரும்பைத் தொடுவார்கள். என் முறை வந்தது. வேட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முடிச்சு பனியில் நனைந்து இறுகியிருந்தது. அத்தனை பேர் நடுவில், மாமனார் ஊரில், வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நகர்ந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு மச்சான் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்தபோது காட்டுக்குள் இருந்தோம். காடு என்றால் அங்கே மானாவாரி நிலமும் காடுதான். சோளத் தட்டு அறுத்த தாள்கள், அதற்கப்பால் ஆவாரஞ்செடியும் சங்கஞ்செடியும் மண்டிய தரிசு, அதன் முடிவில் கரடு என்று அவர்கள் சொல்லும் சிறு கற்குன்று. பனியில் கால் சில்லிட்டது. கௌதாரி எங்கோ கத்தியது. செடிகள் உரசி உரசி முழங்கால் வரை ஈரம். அந்த நேரத்துக் காற்றை இழுத்துவிட்டால் இரண்டு நாளைக்குச் சோறு வேண்டாம் போலிருக்கும். பேச வேண்டிய அவசியமே இல்லாத இடம். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர்கள் வேட்டை முறை எங்கள் பக்கத்தைப் போல அல்ல. நாங்கள் நாயை விட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவோம். இவர்கள் தரிசின் ஒரு பக்கம் முழுக்க வலையைக் கட்டி, பின்னால் செடி மறைவில் ஆட்களை உட்காரவைத்துவிடுவார்கள். மறுபக்கத்திலிருந்து மற்றவர்கள் வரிசையாக வருவார்கள். ஆளுக்கொரு கம்பு. செடியை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு வருவதுதான். வாயைத் திறக்கக் கூடாது. யாராவது ஒருவர் முயல் பதுங்கிக் கிடப்பதைக் கண்டால் தட்டுவதை நிறுத்திவிடுவார். அது கேட்டதும் பக்கத்தில் வருகிறவர் நிறுத்துவார். அப்படியே வரிசை முழுக்க நின்றுவிடும். கண்டவர் தோளில் இருக்கும் துண்டு வலையை எடுத்து மெல்ல நெருங்கி முயல்மேல் வீசுவார். வீசி முடித்துக் கம்பைத் தூக்கிக் காட்டும் வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். அசைந்தால் முயல் எழுந்துவிடும்.

மச்சான் வரிசையின் கடைசி ஆள், கரட்டோரமாக, கூடவே குரைக்காமல் வரும் அவர் நாய். துண்டு வலை அவர் தோளில். நான் வலையின் கடைசியில், அதே பக்கம். எனக்கு அடுத்து பெரிய மாமா.

தட்டும் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது. மெல்ல நெருங்கியது. என் பக்கத்தில் கேட்ட தட்டு மற்றதைவிடக் கொஞ்சம் வேகம். அது மச்சானுடையது என்று தெரிந்தது. மனிதர் கம்பால்கூடப் பேசிக்கொண்டுதான் வந்தார். திடீரென்று அந்தத் தட்டு நின்றது.

அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. கடைசியில் தரிசு முழுக்கச் சத்தமில்லை.

பெரிய மாமா என்னைப் பார்த்தார். அசையாதே என்று உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம். முனியப்பனுக்கு முயல் கிடைத்துவிட்டது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பு உயரும், உயரும் என்று பார்த்தேன். செடிகளுக்கு மேலே எதுவும் உயரவில்லை. என் முழங்காலில் ஓர் எறும்பு ஏறிக் கடித்தது. அதைத் தட்டவும் பயம். மறுபக்கம் அத்தனை ஆட்களும் கல்லாய் நின்றிருப்பார்கள். ஒரு முயலுக்கு வலை வீச எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரியாது. பெரிய மாமாவுக்குத் தெரியும். அவர் உள்ளங்கையை இன்னும் கீழேயே அழுத்திவைத்திருந்தார்.

அப்போது மச்சானின் நாய் செடிகளுக்கிடையிலிருந்து வந்தது. தனியாக. என்னைப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது.

எங்கள் பக்கத்து வேட்டையில் சத்தம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. இது வேறு ஊர், வேறு முறை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுந்து போனால் முயல் போய்விடும். ஊர் முயலை மாப்பிள்ளை விட்டுவிட்டான் என்று காலத்துக்கும் பேசுவார்கள். மனைவி வாசலில் நின்று சொன்னதும் காதில் கேட்டது. முயலைக் கண்டால் அது தரையைப் பார்க்காது.

எழுந்தேன். பெரிய மாமாவின் முகம் எப்படி மாறியது என்று இப்போதும் வரைந்து காட்ட முடியும். நான் பார்க்காதது போலக் குனிந்துகொண்டு நாயின் பின்னால் போனேன். என் கால் பக்கத்துச் செடியிலிருந்து ஒரு முயல் கிளம்பி, நான் உட்கார்ந்திருந்த இடத்தின் வழியாகவே வலையைத் தாண்டி ஓடியது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டியது கேட்டது.

கரட்டோரம் செடிகளுக்கு நடுவில் கோவைக்கொடி பச்சைப் பாய் விரித்தது போலப் படர்ந்திருந்தது. அதன் நடுவில் ஓர் ஓட்டை. நாய் அதன் விளிம்பில் நின்றது.

பாழுங்கிணறு. பாறை வந்து கைவிட்ட கிணறு, சுற்றுச்சுவர் இல்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் மச்சான் தொங்கிக்கொண்டிருந்தார். கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்றில் துண்டு வலை மாட்டி, அவர் அக்குளிலும் கழுத்திலும் சுற்றியிருந்தது. ஒரு கை வலைக்குள் சிக்கி மேலே. மறு கை வேரைப் பிடித்திருந்தது. கால்கள் சுவரில் பிடிப்புத் தேடிச் சறுக்கிக்கொண்டிருந்தன. கீழே பாறை முனைகளும் அவற்றுக்கிடையில் பாசித் தண்ணீரும். அவர் கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் நாவற்பழ நிறம்.

நான் திரும்பி வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது.

"கெணத்துல உழுந்துட்டாருங்க! எல்லாரும் வாங்க!"

அந்த ஊரில் நான் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர்கள் வரும் வரை காத்திருக்க முடியாது என்று அவர் கண்ணைப் பார்த்தபோதே தெரிந்தது. சுவரில் பழைய படிக்கற்கள் நீட்டிக்கொண்டிருந்தன, பாதி உடைந்தவை. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக் காலால் துழாவி இறங்கினேன். ஒரு கல் காலை வைத்ததும் கழன்று போய்க் கீழே பாறையில் மோதிய சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது போலிருந்தது. ஆலங்கன்றின் அடியை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் கத்தியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி விரித்தேன்.

எட்டவில்லை. கயிறு இடுப்பிலிருந்து இழுத்துப் பிடித்தது. அவர் கழுத்துக்கும் அலகுக்கும் இடையில் ஒரு சாண்.

மேலே முகங்கள் வந்துவிட்டன. பெரிய மாமா குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் அப்போது ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"மாப்ள, வலைய அறுத்துராதீங்க. அவனப் புடிச்சுக்கிட்டிருக்கறதே அதுதான்."

அவர் சொன்னது சரி. கழுத்தை நெரித்ததும் அதே வலை, கீழே விழாமல் தாங்கியதும் அதே வலை. "கழுத்துக்கு மட்டுமுங்க" என்றேன். என் கயிற்றை அலகின்மேல் மடித்து ஓர் இழுப்பு இழுத்தேன், அறுந்தது. இனிக் கை நழுவினால் கத்தி கிணற்றுக்குத்தான். காலையில் முனியப்பன் முன்னால் இப்படி அறுத்துப் போட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அவர் கழுத்தில் நார் தோலுக்குள் புதைந்திருந்தது. விரல் நுழையவில்லை. அலகைத் தட்டையாக வைத்து, அதன் மழுங்கிய முதுகுப்பக்கம் தோலில் படும்படி நார்க்கடியில் நுழைத்தேன். அவர் உடம்பு துடித்தது. கொஞ்சம் ஆடினாலும் குரல்வளை. "ஆடாதீங்க மச்சான், ஆடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அலகைத் திருப்பி வெளிப்பக்கமாக நெம்பினேன். ஓர் இழை போயிற்று. அடியில் இன்னொன்று. அது ஈரத்தில் ஊறிப் பச்சை நரம்பு போல வழுக்கியது. அதையும் அறுத்தபோது அவர் ஒரு அடி கீழே சரிந்தார். மேலே எல்லாரும் ஒன்றாக மூச்சை உள்ளிழுத்தார்கள். அக்குளில் வலை தாங்கியது. அவர் நெஞ்சு மேலெழுந்து, ஓட்டைத் துருத்தி போல ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போயிற்று.

பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை வடத்தை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வடம் வரும் வரை அவர் இடுப்பை என் தொடையால் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றேன். வடம் வந்ததும் முதலில் அவரை, பிறகு என்னை மேலே இழுத்தார்கள்.

அன்றைக்கு முயல் இல்லை. வெறுங்கையோடு வேப்ப மரத்தடிக்குத் திரும்பினோம். மச்சானை மரத்தில் சாய்த்து உட்காரவைத்து வெந்நீரைத் துளித் துளியாகக் கொடுத்தார்கள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. குரல் சுத்தமாகப் போயிருந்தது.

வலையைச் சாமி முன்னால் விரித்தார்கள். அறுந்த இடம் நடுவில் தெரிந்தது. இப்போதுதான் கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

"இரும்பு வந்ததாலதான் கெணறு வாயத் தொறந்திருக்குது," என்றார் ஒருவர்.

"இரும்பு வராட்டி இந்நேரம் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கிட்டிருப்போம்," என்றார் இன்னொருவர்.

இரண்டுக்கும் தலையாட்ட ஆள் இருந்தது. சாமி கட்டளையை மீறி இரும்பு கொண்டுபோனவன் வீட்டுக்கு அதன்பின் வேட்டையில் இடமில்லை என்பது அவர்கள் வழக்கம். என் வீடு கெங்கவல்லியில் இருக்கிறது, எனக்கு நஷ்டமில்லை. ஆனால் என்னைக் கூட்டி வந்தது மாமனார் வீடு. வலை தூக்குகிற வீடு. மச்சானுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தீபாவளி.

பெரிய மாமா என் பக்கம் திரும்பினார். "கத்தி காலைல இருந்தே இடுப்புல இருந்துச்சுங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே அறுந்த கயிறுதான் இருந்தது. "ஆமாங்க" என்றேன். முடிச்சைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பதில் நெஞ்சுக்குள் நின்றது, வழக்கம் போல.

மரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த சருகை மிதித்தது போல. மச்சான் கையை ஊன்றி நிமிர்ந்திருந்தார்.

"நாந்தான்… வெச்சுக்கச் சொன்னேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாமி முன்னால் உட்கார்ந்துகொண்டு பச்சைப் பொய்.

"எப்பச் சொன்னே?" என்றார் பெரிய மாமா.

மச்சான் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை விரித்தார். இனிப் பேச வராது.

பெரிய மாமா குனிந்து அவர் கழுத்துக் கோட்டைப் பார்த்தார். "வேணுங்கறப்பத் தொறக்குது, வேண்டாங்கறப்ப அடைச்சுக்குது. நல்ல தொண்டை." கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. பிறகு அவர் வலைப்பக்கம் திரும்பிச் சொன்னார். "அறுத்த கத்தி சாமிக்கு. அறுந்த வலைய ரெண்டு பேரும் உக்காந்து முடிஞ்சு தரோணும். சொன்னவன் அடுத்த பொங்க நோம்பிக்கு வலையத் தொடக்கூடாது. பின்னால நின்னு பாக்கட்டும்."

என் கத்தியை முனியப்பன் காலடியில் வைத்தேன். மற்றவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முழுக்க நாங்கள் இருவரும் வலை முடிந்தோம். அவருக்குப் பேச முடியாது. எனக்குப் பேச வராது. பக்கத்தில் ஒரு சட்டியில் தீக்கங்கு. வலைக்கு இரும்பு ஆகாது என்பதால் நாரின் முனையைக் கங்கில் வைத்துச் சுட்டுத்தான் துண்டிக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முடிச்சு முடிந்ததும் கை இடுப்புக்குப் போகும், திரும்பி வரும். மூன்றாவதோ நாலாவதோ தடவை மச்சான் அதைப் பார்த்துவிட்டார். தன் வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் இடுப்பைக் காட்டினார். பிறகு தன் தொண்டையைக் காட்டினார். இரண்டு பேருக்கும் வாய் போய்விட்டது என்கிறார். சிரிக்கப் போய் இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை இருமினார். மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து என்னைத்தான் முறைத்தாள்.

குரல் பிறகு வந்தது. ஆனால் பழைய குரல் அல்ல. அவர் வருவதற்கு முன்னால் வந்து சேரும் குரல் இல்லை. அந்தப் பொய்யைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நாங்கள் ஊர் திரும்பிய அன்று வண்டி கிளம்பும் நேரத்தில் அவர் சக்கரத்தோரம் வந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடிவிட்டுப் போனார். திறந்து பார்த்தேன். அவருடைய கத்தி. என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. பிடி தேய்ந்து அவர் கை வாகுக்கு வளைந்திருந்தது. இதை எழுதும் பென்சிலைச் சீவியதும் அந்தக் கத்தியால்தான். அதற்கு நான் கயிறு கட்டவில்லை.